வேர்க்காத வண்டி

தூத்துக்குடி மாவட்டத்தின் வெப்பநிலை என்று ஒன்று கிடையாது. போன மாதம் இதைச் சொல்லப்போக, நான் வேலை பார்த்த வானிலை நிலையத்திலிருந்து வந்திருந்த இளைஞர்கள் சிரித்துவிட்டார்கள். மரியாதையான சிரிப்புத்தான். மாவட்டத்தைத் தனியாகப் பிரித்த பிறகு ஒரு கையேடு போடுகிறார்களாம். அதில் "கோடை வெப்பம்" என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் ஒரே ஒரு எண்ணுக்குத்தான் இடம். துறைமுகத்து எண்ணைப் போட்டுவிட்டு, பழைய ஆளாயிற்றே என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வந்திருந்தார்கள்.

"இது எந்த ஊர் எண்?" என்றேன்.

"மாவட்டத்துக்கே இதுதான் சார். மணியாச்சி என்ன அசாம்லயா இருக்கு? ரயில்ல ஏறி ஒரு டீ குடிச்சு முடிக்க முன்ன வந்துரும். அதுக்குள்ள என்ன மாறிரப் போகுது?"

என்ன மாறும் என்பதை வாயால் சொல்லிப் பார்த்தேன். பாதிக்கு மேல் போக முடியவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

என் அப்பா மணியாச்சிக்கு மேற்கே கரிசலில் ஆடு மேய்த்தவர். எங்கள் வகையறாவில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு, தூத்துக்குடிக் கடலோரத்து வானிலை நிலையத்தில் பார்வையாளர் வேலை கிடைத்தது. யுத்தம் தொடங்கியிருந்த நேரம். "அங்கன போய் என்னத்தடா பாக்கணும்?" என்று அப்பா கேட்டார். "வெயிலையும் காத்தையும்" என்றேன். "அதுக்கு ஒரு ஆபீஸு வேறயா? ஆட்டுக்குப் பின்னால வந்து நில்லு, ரெண்டும் சேந்தே கிடைக்கும்" என்றார்.

நிலையத்தின் தலைவர் தேவசகாயம் சார். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தியே பார்த்ததில்லை. ஆனால் அவர் முன்னால் "இன்னைக்கு வெயில் கொளுத்துது சார்" என்று சொல்லிவிட முடியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கொளுத்துதுன்னா எத்தனை டிகிரி?" என்பார். தெரியாது என்றால், "தெரியாததைச் சொல்லாதீங்க தம்பி. போய்ப் பார்த்துட்டுச் சொல்லுங்க." அவ்வளவுதான் திட்டு.

வெள்ளை அடித்த மரக் கூண்டு ஒன்று மணலில் நான்கு கால்களில் நிற்கும். சுற்றிலும் சாய்வுப் பலகைகள். காற்று நுழையலாம், வெயில் நுழையக் கூடாது. கூண்டைத் திறந்ததும் மூச்சை அடக்க வேண்டும். பாதரசமும் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முதலில் தசமத்தை, அதாவது டிகிரியின் பத்தில் பங்கைப் படிக்க வேண்டும், முழு டிகிரியைப் பிறகுதான். "உங்க உடம்பே ஒரு அடுப்பு. நீங்க பக்கத்துல வந்து நின்ன உடனே முதல்ல ஓடுறது தசமம்தான். ஓடுறதை முதல்ல பிடிங்க, நிக்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார் சார். எனக்கு இது கை பழகவே ஒரு பருவம் ஆயிற்று.

கூண்டுக்குள் இரண்டு வெப்பமானிகள் அருகருகே இருக்கும். ஒன்று வெறும் குமிழ். அதை உலர் குமிழ் என்போம். இன்னொன்றின் குமிழில் மெல்லிய மஸ்லின் துணி சுற்றி, நூல் வழியாகத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். அது ஈரக் குமிழ். துணியிலுள்ள ஈரம் காயும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் ஈரக் குமிழ் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே காட்டும். காற்று எவ்வளவு வறட்சியோ அவ்வளவு வித்தியாசம். கடற்கரையில் காற்றே பாதி நனைந்திருக்கும். துணி லேசில் காயாது. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டியே நிற்கும்.

கடல் ஏன் சீக்கிரம் சுடுவதில்லை என்று சாரிடம் ஒருமுறை கேட்டேன். "கடல் பெரிய குடும்பத்துக்காரன். எவ்வளவு சூடு வந்தாலும் உள்ளே ஆழத்துக்குப் பங்கு வச்சிருவான்; மேலே தெரியாது. உங்க ஊர்க் கரிசல் ஒண்டிக்கட்டை. வந்ததை அன்னைக்கே முகத்துல காட்டும், ராத்திரியே தீர்த்துட்டு நிக்கும்" என்றார். முன்பகலில் தரை சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று உள்ளே வரும். உச்சிப்பொழுதை ஒட்டி அது வந்து நுழையும்போது, வெப்பத்தைக் கோடாக வரையும் எங்கள் கருவியின் பேனா படிக்கட்டில் இறங்குவதுபோல் இறங்கும். ஊரே மூச்சு விடும்.

ஆனால் அந்தக் காற்றுக்கும் கால் வலிக்கும். உள்நாட்டுக்குள் போகப் போக அதன் குளிர்ச்சியும் ஈரமும் கரைந்துவிடும். அதிலும் வைகாசியில் மேல்காற்று தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு, சூடேறி இந்தப் பக்கம் இறங்குகிற காற்று அது. அந்த நாட்களில் கடல்காற்று கரையோரத்தில் ஒரு பட்டை அகலத்துக்குத்தான் இருக்கும். அதற்கு மேல் மேல்காற்று அதை நகர விடாது. மாதம் ஒருமுறை ஊருக்கு ரயிலில் போகும்போது என் சட்டையே எனக்கு அதைச் சொல்லும். மீளவிட்டான் ஸ்டேஷன் வரை முதுகில் ஒட்டியிருக்கும். தட்டப்பாறை தாண்டும்போது கஞ்சி போட்டதுபோல் விறைத்துவிடும். உதடு வெடிக்கும்.

நாற்பத்திரண்டில் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு விழுந்த பிறகு, அங்கே வேலை செய்துகொண்டிருந்த நம் சனம் கிடைத்த கப்பலிலும் தோணியிலும் ஏறித் தூத்துக்குடிக்கு வந்துகொண்டே இருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டார்கள். சாத்தூர், விருதுநகர், மதுரைப் பக்கம் போகவேண்டியவர்கள் துறைமுகக் கொட்டகைகளில் அடைந்து கிடந்தார்கள். கொட்டகையில் காலரா வந்துவிட்டால் ஊருக்கே பரவும் என்று பயம். பயணிகள் பெட்டிகள் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டன. மிச்சமிருந்தவை சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டிகள்தான். அவற்றில் ஏற்றி மதுரை முகாமுக்கு அனுப்புவது என்று முடிவானது. வழியில் யாரும் இறங்கக் கூடாது. வழியில் உள்ள ஊர்க் கிணற்றுத் தண்ணீரைத் தொடக் கூடாது. கதவை ஒரு சாண் திறந்து சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைக் கார்டு வைத்துக்கொள்ள வேண்டும். குடிதண்ணீர், கொதிக்க வைத்துப் பீப்பாய்களில் கார்டு பெட்டியில் ஏற்றியிருந்தது.

இதற்கெல்லாம் பொறுப்பு துறைமுக டாக்டர். அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த மாதம் முழுக்க அவர் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். கப்பல் அடித்தட்டில் கரி அள்ளுகிறவர்கள் வெக்கையில் விழுவதை வருஷக்கணக்காகப் பார்த்தவர். அதிலிருந்து ஒரு கணக்கு வைத்திருந்தார்: ஈரக் குமிழ் எண்பத்து மூன்றுக்கு மேலே போனால் வேர்வை காயாது, ஆள் விழுவான், வேலையை நிறுத்து. கீழே இருந்தால் பயமில்லை. எல்லாம் அந்தக் கால பாரன்ஹீட் கணக்கு. கடலோரத்துக்கு அது சரியான கணக்குத்தான். ரயிலுக்கும் அதையே வைத்துக்கொண்டார்.

வைகாசியில் ஒரு நாள் மதியம் உலர் குமிழ் தொண்ணூற்று மூன்று, ஈரக் குமிழ் எண்பத்திரண்டு. வரம்புக்கு மிக அருகில். டாக்டர் யோசித்தார். கையில் சுழற்றுகிற வெப்பமானியோடு ஒரு பார்வையாளர் வண்டியில் போகட்டும், வண்டி நிற்கிற இடமெல்லாம் ஈரக் குமிழை அளந்து தந்தி கொடுக்கட்டும், வரம்பைத் தாண்டினால் வண்டியை நிறுத்திக் கதவைத் திறக்க உத்தரவு தருகிறேன் என்று எங்கள் நிலையத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

தேவசகாயம் சார் என்னைக் கூப்பிட்டார்.

"சார், உள்ளே போகப் போக ஈரக் குமிழ் இறங்கத்தானே செய்யும்? ஏறவே ஏறாதே. அப்போ வண்டி நிக்கவே நிக்காதே?"

"எவ்வளவு இறங்கும்?"

"தெரியாது சார்."

கண்ணாடியைத் துடைத்தார். "டாக்டர் கேட்டது ஈரக் குமிழ் ஒண்ணுதான். நீங்க ரெண்டையும் பாருங்க. ரெண்டையும் அனுப்புங்க. எனக்கும் ஒரு நகல் அனுப்பச் சொல்லுங்க." பிறகு, வழக்கத்துக்கு மாறாக, என் தோளில் கை வைத்தார். "ஜாக்கிரதை."

வண்டியின் கார்டு லூர்து அண்ணாச்சி, கடலோரப் புன்னைக்காயல்காரர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாய். அந்த வேக்காட்டிலும் கறுப்புக் கோட்டின் பொத்தானைக் கழற்றாதவர். என் கருவி இரண்டு வெப்பமானிகளை ஒரு சட்டத்தில் பொருத்திக் கைப்பிடி வைத்தது. ஈரத் துணியை நனைத்துக் கிலுகிலுப்பை போலச் சுற்ற வேண்டும். நடைமேடையில் நான் அதைச் சுற்றுவதைப் பார்த்து, முதல் பெட்டியின் கதவிடுக்கிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"ஏய்யா கிலுகிலுப்பைக்காரரே, எம் பிள்ளைக்கு ஒண்ணு குடுத்துட்டுப் போரும்!"

அவள் பெயர் முத்துப்பேச்சி. சாத்தூர்ப் பக்கம் சொந்த ஊர். ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் கொழும்புத் துறைமுகத்துக் கூலி லயத்தில். புருஷன் கப்பலுக்குக் கரி ஏற்றும் வேலையில் அங்கேயே தங்கிவிட்டான். இடுப்பில் வயது நிறையாத பையன், ராசு. கதவிடுக்கு வழியாகக் கையை நீட்டி என் கருவியைப் பிடிக்கப் பார்த்தான்.

"ஏளா, அது சர்க்கார் கிலுகிலுப்பை. ஒடைச்சான்னு வையி, ஒம் புருசன் நீந்தி வந்துதான் பதில் சொல்லணும்" என்றார் லூர்து அண்ணாச்சி.

"அப்படியாச்சும் வாரட்டுமே!" என்றாள். பெட்டியே சிரித்தது.

தட்டப்பாறையில் வண்டி நின்றபோது என் சட்டை விறைத்திருந்தது. மேற்கிலிருந்து காற்று முகத்தில் அறைந்தது. நிழலில் நின்று சுழற்றினேன். உலர் குமிழ் நூற்றியொன்று. ஈரக் குமிழ் எழுபத்தொன்பது. பயந்தது போலவே ஒன்று ஏறிவிட்டது, ஒன்று இறங்கிவிட்டது. இரண்டையும் தந்தியில் கொடுத்தேன். உடனே பதில் வந்தது: ஈரக் குமிழ் குறைவு, திருப்தி, தொடர்க.

பெட்டிகளுக்குள் எல்லாருக்கும் சந்தோஷம். அண்ணாச்சி ஒவ்வொரு பெட்டியாகத் தண்ணீர் கேட்டுக்கொண்டே போனார். பலர் வேண்டாம் என்றார்கள்.

"வேர்க்கவே இல்லைய்யா" என்றாள் முத்துப்பேச்சி. "கொட்டகையில நசநசன்னு கெடந்தோம். இப்பத்தான் ஒடம்பு காஞ்சு சொகமா இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "குடிச்சிட்டு எங்கன போய் ஒதுங்க? பூட்டிப்புட்டீகளே" என்றாள்.

"குடிங்கக்கா. வேர்க்காம இல்ல, வேர்த்தது நிக்காமக் காயுது" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் பிள்ளைக்கு வெயிலில் மூளை கலங்கிவிட்டதோ என்ற கவலை இருந்தது. அண்ணாச்சியும் அவள் பக்கம்தான். "வேர்க்கலைன்னா வெக்கை இல்ல தம்பி. கரி அள்ளுறவன் விழுதான்னா எப்படி விழுதான்? தொப்பறையா நனைஞ்சு விழுதான். இங்கன எவன் நனைஞ்சிருக்கான்?"

கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு உடம்பில் ஓடுகிற வேர்வைதான் வெப்பமானி. அது பொய் சொல்லும் என்று அவர்கள் எங்கே கண்டார்கள்?

மணியாச்சியில் வண்டியைப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒதுக்கிவிட்டார்கள். பட்டாள வண்டி ஒன்று கடக்க வேண்டும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஓடும்போது உள்ளே புகுந்த காற்றும் இப்போது இல்லை. இரும்பின் மேல் கை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். நிழலில் உலர் குமிழ் நூற்றியாறு. ஈரக் குமிழ் எழுபத்தாறு. தந்தி போயிற்று. பதில் வந்தது. ஈரக் குமிழ் மேலும் இறங்கியது நல்லது, பயமில்லை, காத்திருந்து செல்க.

அப்போதுதான் சத்தம் இல்லாததைக் கவனித்தேன். தூத்துக்குடியிலிருந்து அழுகை, சண்டை, பாட்டு என்று இரைந்துகொண்டு வந்த பெட்டிகள். இப்போது கைக்குழந்தைகள் உட்பட ஒரு சத்தமும் இல்லை. எங்கள் ஊரில் கோடையில் ஆட்டுக்குட்டி கத்துவதை நிறுத்தினால் அப்பா எழுந்து ஓடுவார்.

முதல் பெட்டிக்குப் போனேன். "அக்கா, பிள்ளை எப்படி இருக்கான்?"

"ஒறங்குதான்." அவள் குரலே காய்ந்திருந்தது. "காச்சல் இல்ல. பாரும், ஒரு பொட்டு வேர்வை இல்ல."

கதவிடுக்கில் கை விட்டு ராசுவைத் தொட்டேன். வெயிலில் கிடந்த ஓட்டைத் தொட்டது போல் இருந்தது. உதடு வெள்ளையாக வெடித்திருந்தது. கன்னத்தைத் தட்டினேன், கண் பாதி திறந்து மேலே செருகியது.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?"

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகம் மாறியது. "கொட்டகையில... காலையில. பாலும் வரமாட்டேங்குதுய்யா."

அண்ணாச்சியிடம் ஓடினேன். கதவைத் திறக்கச் சொன்னேன். அவர் இடுப்புச் சாவியைக் கையால் மூடிக்கொண்டார்.

"டாக்டர் உத்தரவு இல்லாமத் திறந்தா தொப்பி போயிரும்லே. ஆறு பிள்ளைக வச்சிருக்கேன். காலரா வந்துச்சுன்னா இந்த ஊர்க்காரன் வேற என்னைய அடிச்சே கொல்லுவான்." சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் காதுப்பக்கம் குனிந்தார். "ஒண்ணு செய்யி. எம்பத்தஞ்சுன்னு போட்டு ஒரு தந்தி அடி. அவரே நிறுத்து, திறன்னு சொல்லுவாரு. ரெண்டு பேரும் தப்பிச்சோம். எவன் வந்து பாக்கான்?"

எண்ணை மாற்றக்கூட வேண்டாம். துணியை நனைக்காமல் சுழற்றினால் போதும். காய்ந்த துணி சுற்றிய குமிழ் தானாகவே வரம்பைத் தாண்டி ஏறும். நான் படித்ததைத்தான் எழுதினேன் என்று நாளைக்குச் சத்தியம் பண்ணலாம். நனைக்கிற குப்பி என் இடது கையில் இருந்தது. மூடியைத் திருகாமல் நின்றேன்.

ஒன்றுதான் என்னைத் தடுத்தது. நாளைக்கும் ஒரு வண்டி உண்டு. நாளை மறுநாளும் உண்டு. இன்றைக்கு ஈரக் குமிழ் ஏறித்தான் ஆபத்து வந்தது என்று நான் எழுதிவிட்டால், டாக்டர் கணக்கு சரி என்று நானே முத்திரை குத்தியதாகும். நாளைய வண்டியிலும் ஈரக் குமிழ் இறங்கும். இறங்க இறங்கத் திருப்தி என்று பதில் வரும். அந்த வண்டியில் பொய் சொல்ல நான் இருக்க மாட்டேன்.

துணியை நனைத்தேன். மறுபடி சுழற்றினேன். அதே எழுபத்தாறு.

பிறகு எங்கள் விதிக்கு விரோதமான ஒன்றைச் செய்தேன். வெப்பமானியைக் கட்டடத்துக்குள் வைத்து அளக்கக் கூடாது என்பது பால பாடம். கருவியை நூலில் கட்டி முத்துப்பேச்சியிடம் நீட்டினேன். "பெட்டிக்கு நடுவுல தூக்கிப் பிடிங்கக்கா. ஒடம்பு படாம, மூச்சு படாம." வலது கையில் பிள்ளையும் இடது கையில் நூலுமாக அவள் பிடித்தாள். கையை இறக்கவே இல்லை. கதவிடுக்கில் கண்ணை வைத்துப் படித்தேன். நூற்றிப் பதினேழு.

அதைத் தந்தியாக எழுதினேன். ஈரக் குமிழ் எழுபத்தாறு, வரம்புக்குக் கீழே. பெட்டிக்குள் உலர் குமிழ் நூற்றிப் பதினேழு. வேர்வை தோன்றுமுன் காய்கிறது, தாகம் தெரியவில்லை. குழந்தைகள் காலை முதல் சிறுநீர் கழிக்கவில்லை. கதவு திறக்க உத்தரவு வேண்டும். டாக்டருக்கு ஒன்று, தேவசகாயம் சாருக்கு ஒன்று. தந்திக்காரர் கையை விரித்தார். இப்போது கம்பி முழுக்கப் பட்டாளச் செய்தி போய்க்கொண்டிருந்தது. இடைவெளி கிடைத்தால்தான் இது போகும்.

வெளியே வந்தேன். லூர்து அண்ணாச்சி கார்டு பெட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தார். மீசை தொங்கிப்போயிருந்தது. அவருடைய கறுப்புக் கோட்டின் முதுகிலும் அக்குளிலும் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். அலை ஏறி வற்றிய மணலில் கிடக்கும் கோடுகள் மாதிரி.

"அண்ணாச்சி, கோட்டுல என்னது?"

கையைத் தூக்கிப் பார்த்தார். "உப்பு. கடக்காத்துல படியுறதுதான. எங்க வீட்டு ஜன்னல் கம்பியே இப்படித்தான் பூத்திருக்கும்."

"கடல் எங்கன இருக்கு அண்ணாச்சி?"

அவர் என்னைப் பார்த்தார். கிழக்கே திரும்பிப் பார்த்தார். காய்ந்த கரிசலும் கருவேலமும்தான் தெரிந்தன. காற்றோ நேர் மேற்கிலிருந்து வந்தது.

"காலையில கோட்டு சுத்தமாத்தான இருந்துச்சு?"

கோட்டுக் கையை நாக்கால் தொட்டார். உப்பளத்துக்கு நடுவில் பிறந்த நாக்கு அது. இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார்.

"கடலுப்புன்னா கடைசியில ஒரு கசப்பு இருக்கும்லே" என்றார் மெதுவாக. "இதுல இல்ல."

"இவ்வளவும் உங்க ஒடம்புல இருந்து வந்தது. நீங்க நனையவே இல்லைன்னு சொன்னீங்களே, அப்பல்லாம் வேர்த்துக்கிட்டேதான் இருந்தீங்க. அவங்களும்தான்."

அவர் எழுந்தார். எழுந்த வேகத்தில் தலை சுற்றி, பெட்டியைப் பிடித்துக்கொண்டார். இரும்பு சுட்டதுகூட உறைக்கவில்லை. "மாதாவே" என்றார். கோட்டைக் கழற்றித் தரையில் போட்டார். சாவியை எடுத்துக்கொண்டு முதல் பெட்டியை நோக்கி நடந்தவர், பாதியிலேயே ஓட ஆரம்பித்துவிட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் ஒரே நேரத்தில் நடந்ததாகத்தான் எனக்கு நினைவு. கதவுகள் இழுபட்டன. பீப்பாய்கள் இறங்கின. வேண்டுமா என்று யாரையும் கேட்கவில்லை. கையில் கொடுத்துக் குடிக்க வைத்தோம். கூட வந்தவர்களிடம் கருப்பட்டி இருந்தது. அதையும் உப்பையும் கரைத்துக் கொடுக்கச் சொன்னேன். ஆடு மேய்க்கப் போகும்போது எங்கள் வீட்டில் கொண்டுபோகிற தண்ணீர் அது. பெண்கள் நாலு சேலைகளை இழுத்துப் பிடித்துத் தண்டவாளத்து ஓரம் ஒரு மறைப்புக் கட்டினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர், "யாரும் ஊருக்குள்ள வரக்கூடாது, கெணத்தத் தொடக்கூடாது" என்று கத்திக்கொண்டே, தன் அறையிலிருந்த சாக்குகளை எல்லாம் அள்ளிக் கொண்டுவந்து கொடுத்தார்.

சாக்கு நான்தான் கேட்டேன். வறண்ட காற்று வேர்வையைத் திருடுகிற வேகத்தில் எந்த ஈரத்தையும் திருடும். திருடும்போது சூட்டையும் கூட எடுத்துக்கொண்டு போகும். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற பெரிய குழாய்க்குக் கீழே டிரைவர் ஒவ்வொரு பெட்டியாகக் கொண்டுவந்து நிறுத்தினார். கூரை சீறியது. நனைந்த சாக்குகளை மேல்காற்று வரும் கதவில் தொங்கவிட்டோம். தூத்துக்குடியில் இதைச் செய்திருந்தால் சாக்கு சொட்டிக்கொண்டிருக்கும், வேறொன்றும் நடந்திருக்காது. இங்கே கொஞ்ச நேரத்தில் உள்ளே நுழைந்த காற்று சில்லென்று இருந்தது. அந்த ரயில்பெட்டிகளையே ஈரக் குமிழ்களாக மாற்றிவிட்டோம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பெட்டிக்குள் மறுபடி அளந்தபோது தொண்ணூற்றாறு. தசமத்தைப் பார்க்க மறந்துவிட்டேன்.

ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். குழந்தைகள் அழத் தொடங்கின. அந்த அழுகையைக் கேட்கக் கேட்க எங்களுக்கு உயிர் வந்தது. மூன்றாம் பெட்டியில் ஒரு பெரியவரை மட்டும் கண் திறக்க வைக்க முடியவில்லை. மூச்சு இருந்தது. கார்டு பெட்டியில் கிடத்தி ஈரத் துணி சுற்றினோம். மதுரையில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். பின்னால் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தேறினார் என்று எழுத மாட்டேன்.

ராசு அழவில்லை. முத்துப்பேச்சி நடைமேடைச் சுவர் நிழலில் அவனை மடியில் போட்டுக்கொண்டு, கருப்பட்டித் தண்ணீரைத் துணி நுனியில் நனைத்து உதட்டில் பிழிந்துகொண்டே இருந்தாள். முதலில் வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது. லூர்து அண்ணாச்சி எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவன் உள்ளங்காலைத் தேய்த்தார்.

"எலேய் ராசு. முழிலே. ஒங்கப்பன் நீந்தி வாரான்லே" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

இதற்கிடையில் பட்டாள வண்டி வந்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்து போயிற்று. எங்களுக்குச் சிக்னல் விழுந்தது. அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரைவர் ஊதினார், மறுபடி ஊதினார். தந்திக்காரர் ஒரு தாளோடு ஓடிவந்தார். என் நீண்ட தந்தி இன்னும் போகவே இல்லையாம். இது முந்தியதற்குத் தொடர்ச்சியாகத் துறைமுகத்திலிருந்து வந்தது. ஈரக் குமிழ் வரம்புக்குள் இருக்கிறது. பட்டாள வண்டி கடந்துவிட்டதாக அறிகிறோம். தாமதம் ஏன்? உடனே பதில்.

அண்ணாச்சி அதை வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "படிச்சவன் நீ. என்ன எழுதுவ, எழுது."

அந்த டாக்டர் மறுநாளே எங்கள் நிலையத்துக்கு நேரில் வந்து, தேவசகாயம் சாரோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த வண்டிகள் பொழுது சாய்ந்த பிறகே புறப்பட்டன. பெட்டிக்குப் பெட்டி பீப்பாய் போயிற்று. இரண்டு குமிழின் எண்ணும் கேட்டு வாங்கினார். லூர்து அண்ணாச்சிக்கு விசாரணை வந்தபோது டாக்டரே கடிதம் எழுதிக் கொடுத்தார். ஆனால் அன்றைக்கு மணியாச்சியில் எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. கையில் பென்சிலும், முன்னால் கண் செருகிக் கிடக்கிற பிள்ளையும்தான் இருந்தன.

டிரைவர் மூன்றாம் முறை ஊதினார்.

"அய்யா!" என்று முத்துப்பேச்சி அலறினாள்.

பயந்து திரும்பினேன். அவள் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலையில் ஓர் ஈரம் படர்ந்துகொண்டிருந்தது. கொஞ்சம்தான், மஞ்சளாக. ஆனால் நிற்காமல் படர்ந்தது. "பேஞ்சுட்டான்! எம் புள்ள பேஞ்சுட்டான்!" என்று அவள் சிரிக்கவும் அழவும் செய்ய, அந்தச் சத்தத்தில் ராசு முகத்தைச் சுளித்து, வாயைத் திறந்து, மணியாச்சி ஸ்டேஷனே அதிர அழுதான்.

லூர்து அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுதிய பதிலைத் தந்திக்காரர் இரண்டு தடவை படித்தார். "இதை இப்படியே அனுப்பவா?" என்று கேட்டார். "இப்படியே" என்றேன். பட்டாளச் செய்திகளுக்கு நடுவே இடைவெளி பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்:

"ஒரு குழந்தை சிறுநீர் கழிக்கக் காத்திருந்தோம். கழித்துவிட்டது. புறப்படுகிறோம்."